நோட்டுப் புத்தகத்தில் உறங்கும் கதைகள்

சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள். அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். மதரஸாத் திண்ணையில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஜமாஅத் தொழுகையில் முதல் வரிசையை விடாதவர். அவர் கையில் துணிக்கடைப் பையால் சுற்றப்பட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

“ஹஜ்ரத், இது மகளின் அலமாரியில் இருந்தது. வேறு ஏதோ என்று பயந்துதான் எடுத்தேன். பார்த்தால் எல்லாம் கதை. நடக்காததை நடந்ததாக எழுதி வைத்திருக்கிறாள். பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். இது கூடுமா, கூடாதா? நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.”

“காக்கா, இரவு படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாசக நேயர்களே, உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கக்கூடும். தலையணைக்கடியிலோ, கல்லூரிப் புத்தகங்களுக்கிடையிலோ, இக்காலத்தில் கைப்பேசிக்குள்ளோ இருக்கக்கூடும். அதை எழுதியவர் அச்சில் பார்க்க ஆசைப்படுகிறார். அனுப்பும் வழி அறியாமலோ, வீட்டாருக்கு அஞ்சியோ மூடி வைத்திருக்கிறார். அவர்களுக்காகவும், அதைவிட அவர்களின் வாப்பா, உம்மாமார்களுக்காகவும் இதை எழுதுகின்றேன்.

முதலில் அந்தத் தந்தை கேட்ட கேள்வி. நான் முஃப்தி அல்லன்; ஃபத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அரபி மதரஸாக்களில் இலக்கியப் பாடமாக நெடுங்காலம் ஓதப்பட்டு வரும் நூல் ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியும். பஸராவைச் சேர்ந்த அல்லாமா ஹரீரி (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 446–516) இயற்றிய ‘மகாமாத்’ அது. ஊர் ஊராக வேடமிட்டுச் சென்று தன் நாவன்மையால் பிழைக்கும் அபூ ஸைத் என்னும் முதியவரின் ஐம்பது கதைகள் அதில் உள்ளன. ஆலிம்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கொடுத்த நூல் என்றால், அது கதைப் புத்தகம்தான்! ‘நடக்காததை எழுதலாமா?’ என்று யாராவது கேட்பார்கள் என்பது ஹரீரி அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. நூலின் முன்னுரையிலேயே அவர் மறுமொழி சொல்லிவிடுகிறார். மிருகங்கள் பேசுவதாகப் புனையப்பட்ட பழங்கதைகளை யாரும் குற்றமாகக் கொண்டதில்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை. ஏமாற்றுவதற்காகவன்றி விழிப்பூட்டுவதற்காகப் புனைபவன் மீது என்ன பழி? இதுவே அவருடைய வாதத்தின் சாரம்.

பொய் கேட்பவனை ஏமாற்றுகிறது. கதையோ ‘நான் கதை’ என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு வருகிறது. ஆயினும் இரண்டு எல்லைகளை நான் அந்தத் தந்தையிடம் வற்புறுத்தினேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகவோ, செய்யாததைச் செய்ததாகவோ கதைக்காகக்கூட எழுதக் கூடாது. அதன் கடுமை நாம் அனைவரும் அறிந்ததே. மற்றது, அடுத்த வீட்டாரின் குறையைப் பெயர் மாற்றி அம்பலமாக்குவது. அது புறம்பேசுதலாகிய கீபத்துத்தான். பேனாவால் பேசினால் கீபத் இலக்கியமாகிவிடாது.

இந்த இரண்டாவது எல்லையில்தான் அப்பெண்ணின் கதை வந்து நின்றது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். நோட்டில் மூன்று கதைகள் இருந்தன. முதல் இரண்டும் தொலைக்காட்சித் தொடர்களின் நிழல். பட்டணத்து மாடி வீடு, கார், கண்ணீர். அவற்றைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. மூன்றாவது கதை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு சிறுமியின் வாப்பும்மா மௌத்தாகிவிடுகிறார். மய்யித்தைக் குளிப்பாட்ட ஒரு பெண் வருகிறார். சிறு பிள்ளைகள் கண்டாலே ஓடி ஒளியும் பெண் அவர்; கல்யாண வீடுகளில் யாரும் அவரை முன்னால் வந்து அமரச் சொல்வதில்லை. ஷாஃபி மத்ஹபின் முறைப்படி, மய்யித்தான பெண்ணின் கூந்தலை மெல்லச் சீவி மூன்று பின்னலாக்கிப் பின்புறம் விடுவது வழக்கம் அல்லவா? அவர் அதற்காகச் சீப்புக் கேட்கிறார். சிறுமி தன் வாப்பும்மாவின் அகன்ற பல் சீப்பைக் கொண்டு வருகிறாள். அதில் நரைமுடிகள் சுற்றிக் கிடக்கின்றன. அந்தப் பெண் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கஃபனுக்குள் வைக்கிறார். சிறுமியின் அச்சம் அங்கே போய்விடுகிறது.

நம் வீட்டின் உள்ளறையில் வாழ்ந்தவருக்கன்றி வேறு யாருக்கும் இந்தக் கதை தெரியாது. முதன்முதலாகக் கதை அனுப்புவோர் பலரும் இதைத்தான் மறந்துவிடுகின்றனர். தமக்குத் தெரிந்ததை ‘இதையெல்லாம் யார் படிப்பார்?’ என்று ஒதுக்கிவிட்டுத் தெரியாததை எழுதுகின்றனர். ஆசிரியரின் மேசையில் மாடி வீடும் காரும் குவிந்து கிடக்கின்றன. வாப்பும்மாவின் சீப்பு எத்தனை பேரிடமிருந்து வரும்?

ஆனால் கதை அந்த இடத்தில் நிற்கவில்லை. அதன்பின் இரண்டு பக்கங்கள் இருந்தன. ‘ஆகவே சகோதரிகளே, மரணம் அனைவருக்கும் உண்டு...’ என்று தொடங்கி, மய்யித்துக் குளிப்பாட்டுவோரை மதிக்க வேண்டியதன் அவசியம், மறுமை நாள், தொழுகை என்று அது நீண்டது. எல்லாம் உண்மையே, ஒன்றையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவை கதைக்குள் இல்லை. கதைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன.

அதைப் படித்தபோது பழைய நினைவொன்று வந்தது. பட்டப் படிப்பு முடித்த பின், 2003-ஆம் ஆண்டில் நானும் ஒரு சிறுகதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அக்கால வழக்கப்படி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய சுய முகவரி உறையையும் உள்ளே வைத்தேன். இரண்டு மாதங்கள் கழித்து என் கையெழுத்திலேயே என் பெயர் தாங்கிய உறை திரும்பி வந்தது. கடைசித் தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால், ‘கதை முடிந்த பிறகும் தாங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபம்! மார்க்கத்தின் நல்லுரையை மதிக்கத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டினேன். அதன்பின் ஒரு கதைகூட எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பென்சில் வரியின் மீது மனத்தாங்கலோடு இருந்த நான், ஒரு பெண் பிள்ளையின் நோட்டைப் படித்த இரவில்தான் அது ஏளனமன்று, எனக்குக் கிடைத்த பாடம் என்று உணர்ந்தேன். ஊர் பேர் தெரியாத ஒருவனின் கதையைக் கடைசித் தாள் வரை படித்து, தவறு இருக்குமிடத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார் அவர்.

பயானுக்கு மிம்பர் இருக்கிறது. கட்டுரைக்கு இந்தப் பக்கங்கள் இருக்கின்றன. கதை தன் வேலையைச் செய்த பின்னர் அதன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால், படிப்பவருக்குத் தம் அறிவை ஐயுறுகிறார்கள் என்றே தோன்றும். நம் சமுதாயத்துக் கதைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுதான் என்பது என் எண்ணம். நானே அக்குறையுடையவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

மறுநாள் அந்தத் தந்தையிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ‘கூடும்’ என்றேன், இரண்டு எல்லைகளையும் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

“அது இல்லை, ஹஜ்ரத். அந்தக் குளிப்பாட்டுகிற அம்மா யாரென்று ஊரில் எல்லாருக்கும் தெரியுமே! நாளைக்கு அவர் என் வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்?”

நான் யோசித்திராத நியாயம் அது. கதையில் அந்தப் பெண்ணின் குறை ஏதும் இல்லை. ஊரின் குறைதான் இருக்கிறது. ஆயினும் அவருடைய வாழ்க்கை அவருடையது. ஹரீரி அவர்களும் தம் பள்ளிவாசலுக்கு ஒருநாள் கந்தை உடுத்து வந்த ஒரு முதியவரின் பேச்சைக் கேட்டே முதல் மகாமாவை எழுதத் தொடங்கினார்கள் என்று இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கதைக்கு ஆள் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த முதியவர் வழிப்போக்கர். இவரோ அடுத்த தெருவில் இருப்பவர். எனக்குத் தோன்றிய யோசனை ஒன்றே ஒன்று: “உம்மாவோடு பிள்ளையை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். கதையை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அவர் வேண்டாமென்றால் கதை நோட்டிலேயே இருக்கட்டும்.”

அவ்வாறே போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி, முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டாராம். பிறகு, “சீப்பை நான் கேட்கவில்லை, மகளே. நீயாகத்தான் எடுத்து வந்து நீட்டினாய். அதனால்தான் உன்னை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது” என்றாராம்.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து கதையை முதலிலிருந்து திருத்தி எழுதினாள். புதிய கதையில் சிறுமி யாரும் கேட்காமலே சீப்பை எடுத்து வருகிறாள். பின்னால் நின்ற இரண்டு பக்கங்களும் போய்விட்டன. ஊரும் மாறிவிட்டது, அடையாளம் காட்டும் தெருவும் தென்னந்தோப்பும் இல்லை. முதற்படியைவிட இது எவ்வளவு மேலானது என்பதை நான் எழுதிப் புரிய வைக்க முடியாது.

பிறகு பெயர்ப் பிரச்சினை வந்தது. மகளின் பெயர் பத்திரிகையில் வரலாமா என்று தந்தைக்குத் தயக்கம். இதில் முடிவு அவரவர் குடும்பத்தைச் சார்ந்தது. புனைபெயர் வைத்துக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. ஆசிரியருக்கு மட்டும் உண்மைப் பெயரும் முகவரியும் தெரிய வேண்டும். ஆனால் நம் முன்னோர் இதில் நம்மைவிடத் துணிவுடையவர்களாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழின் முதல் நாவல் 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், இலங்கை அறிஞர் சித்தி லெப்பை அவர்களின் ‘அசன்பேயுடைய கதை’ வந்துவிட்டது. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம், தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர், 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டார். அதற்கு முன்னுரை வழங்கியவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர்! ஒரு முஸ்லிம் பெண்ணின் முதல் நாவலைத் தமிழ்த் தாத்தா படித்து வாழ்த்தியிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கையா, கணவர் அலுவலாக வெளியூர் சென்றிருந்த நாள்களில் பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். பெயர் ‘சுல்தானாவின் கனவு’. ஆண்கள் வீட்டுக்குள்ளும் பெண்கள் ஆட்சியிலும் இருக்கும் ஒரு நாட்டின் கதை. ஊரிலிருந்து திரும்பிய கணவர், உட்காரக்கூட மறந்து, நின்றபடியே அதைப் படித்து முடித்தாராம். 1905-இல் அதை வெளியிட்டது, கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் பத்திரிகை. அந்தக் கணவர் அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டிருந்தால் அது இன்று உலகெங்கும் படிக்கப்படும் கதையாக ஆகியிருக்குமா? அந்த மளிகைக் கடைக்காரரிடம் நான் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. மகளின் பெயரையே போடச் சொல்லிவிட்டார். ஊரின் பெயர் மட்டும் வேண்டாமென்றார்.

இனி அனுப்பும் முறை. எங்கே அனுப்புவது? சமுதாயப் பத்திரிகைகளைச் சிறியவை என்று ஒதுக்காதீர்கள். தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாகுமுன் தொடராக வந்தது ‘முஸ்லிம் முரசு’ இதழில்தான். அதே மீரான் அவர்களுக்கே ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பொது இலக்கிய இதழுக்கும் அனுப்பலாம். எதுவாயினும் அவ்விதழின் அண்மைய மூன்று பிரதிகளையாவது படித்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு பக்கக் கதை போடும் இதழுக்குப் பன்னிரண்டு பக்கக் கதை அனுப்புவது, பெண்கள் தையல் கடையில் போய்ச் செருப்புக் கேட்பது போன்றது. பொது இதழுக்கு அனுப்பும்போது ‘மய்யித்து’, ‘கஃபன்’ முதலிய சொற்களுக்கு அடிக்குறிப்புப் போட வேண்டுமா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். வேண்டாமென்றேன். சொல் நிற்கும் இடமே பொருளைக் காட்டிவிட்டால் போதும்.

இப்போது பெரும்பாலான இதழ்கள் மின்னஞ்சலில்தான் கதைகளை வாங்குகின்றன. யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து, திருத்தக்கூடிய கோப்பாக அனுப்புவது நல்லது. நோட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுத வைப்பவர்கள், ஒற்றுப் பிழைகளையும் ‘ன’, ‘ண’ மயக்கத்தையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துத் திருத்த வேண்டும். கதையை உரக்கப் படித்தால் நாக்கு இடறும் இடம் தெரியும். பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும். கதையின் முதல் தாளில் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கட்டும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது அமானிதத்துக்குப் பொருந்தாது. இரண்டிலும் வெளிவந்துவிட்டால் இரண்டு வாசல்களும் அடைபடும். முகநூலில் போட்டுவிட்ட கதையைப் பல இதழ்கள் வெளிவந்த கதையாகவே கருதுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூட வைக்கும் கடிதம் சுருக்கமாக இருத்தல் வேண்டும். அந்தப் பிள்ளை முதலில் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். ‘தங்கள் மேலான சமூகத்திற்கு’ என்று தொடங்கி, இது முதல் முயற்சி, பிழைகளைப் பொறுத்தருள வேண்டும், தாங்கள் வெளியிட்டால் என் வாழ்க்கையே மாறும் என்றெல்லாம் எழுதியிருந்தாள். நான்கு வரியாகக் குறைத்தோம்: ஸலாம், கதையின் தலைப்பு, இது வேறெங்கும் வெளிவராதது என்னும் உறுதி, பெயர். பிழையைப் பொறுக்கச் சொல்வதைவிடப் பிழையைத் திருத்தி அனுப்புவது மரியாதை.

பணம் கேட்பவர்களைப் பற்றி ஒரு சொல். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், பத்துக் கதைகள் சேர்ந்தவுடன் ஒரு பதிப்பகத்துக்குப் பணம் கட்டிப் புத்தகம் போட்டார். விற்றுத் தருவதாகச் சொன்னவர்கள் அச்சிட்ட பிரதிகளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டனர். இன்றும் அவை கட்டிலுக்கடியில் இருக்கின்றன. தெரிந்தே சொந்தச் செலவில் வெளியிடுவது வேறு. அது கௌரவமான காரியமே. ‘உங்கள் கதையைத் தேர்ந்தெடுத்துள்ளோம்’ என்று சொல்லிவிட்டுத் தொகை கேட்டால், அது தேர்வன்று, வியாபாரம். கையொப்பமிடுமுன் படியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். எழுத்து மூலம் கையொப்பமிடாமல் அவ்வுரிமை பிறருக்குப் போகாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும்.

முஹர்ரம் மாதத்தில் கதை போயிற்று. நாற்பதாம் நாள் திரும்பி வந்தது. ‘எங்கள் இதழுக்குப் பொருந்தவில்லை’ என்று ஒரே வரி. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தந்தை வந்து சொன்னார். அவரிடம் மீண்டும் ஹரீரி அவர்களைப் பற்றியே சொல்லி அனுப்பினேன். நாற்பது மகாமாக்களுடன் அவர் பக்தாத் சென்றபோது, ‘இவை இவர் எழுதியவை அல்ல’ என்று பொறாமைக்காரர்கள் பேசினர். அரசவையில் அமர்ந்து புதிதாக ஒன்று எழுதிக் காட்டும்படி அமைச்சர் சொன்னார். காகிதமும் பேனாவுமாக ஒரு மூலையில் வெகுநேரம் உட்கார்ந்தும் அவருக்கு ஒரு வரிகூட வரவில்லை. யோசிக்கும்போது தாடியைப் பிடுங்கும் பழக்கம் அவருக்கு. அதை வைத்து ஒரு கவிஞர் ஏளனப் பாட்டே கட்டிவிட்டார். அவர் பஸராவுக்குத் திரும்பிப் போய் இன்னும் பத்து எழுதி அனுப்பினார். ஐம்பது ஆனது அப்படித்தான். எங்கள் பிள்ளைகளுக்கு நான் ஓதிக் கொடுக்கும்போது இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். ஓரிருவர் மட்டும் சிரிக்கமாட்டார்கள். அவர்களிடமும் நோட்டுப் புத்தகம் இருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன்.

கதை இரண்டாவது இதழுக்குப் போயிருக்கிறது. நேற்று அஸருக்குப் பின் அந்தத் தந்தை மறுபடி திண்ணையில் காத்திருந்தார்.

“இன்றோடு எத்தனை நாள், ஹஜ்ரத்?”

“இருபத்தாறு, காக்கா.”

“ஒரு கடிதம் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமா?”

“மூன்று மாதமாவது பொறுப்போம். அதற்குள் கேட்டால் தொந்தரவு.”

சரியென்று தலையசைத்தவர், கக்கத்திலிருந்து இன்னொரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இது புதிது. நான் எடுத்து வரவில்லை, ஹஜ்ரத். அவளே கொடுத்தனுப்பினாள்” என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.